அஸ்திவாரம் தோண்டும் முன் ஊரைக் கேளுங்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு வந்து, அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையையே மறித்தது. அப்படியொரு வெள்ளம் வடிந்த பிறகு தாழ்வான இடத்துப் பள்ளிக்குள் போய்ப் பாருங்கள். கரும்பலகைக்குக் கீழே, சுவர் நெடுக, பழுப்பாக ஒரு கோடு ஓடும். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பதிவேடுகள் ஊறிக் கூழாகியிருக்கும். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டால், "ஏரி கலங்கல் தண்ணி போற வழியாச்சே, இங்க எதுக்குக் கட்டுனாங்க?" என்று நம்மைத் திருப்பிக் கேட்பார்.

இங்கே கட்டலாமா என்று அஸ்திவாரம் தோண்டும் முன்பே அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்பதில்லை. நிதி வருகிறது, மார்ச்சுக்குள் செலவாக வேண்டும், வளாகத்தில் எந்த மூலை காலியோ அங்கே இரண்டு வகுப்பறை எழும்புகிறது. பல ஊர்களில் அந்தக் காலி மூலைதான் பிள்ளைகள் விளையாடிய இடம்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது இந்தக் குழுவின் கடமை. வரும் மூன்று ஆண்டுகளில் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் சேர்வார்கள், அதற்கு எத்தனை அறை, என்னென்ன வசதி வேண்டும் என்று அதில் கணக்கிட்டு எழுத வேண்டும். தமிழகத்தில் 2022இலும் 2024இலும் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. ஆனால் பல பள்ளிகளில் அந்தத் திட்டம் தலைமையாசிரியர் ஒருவரே இரவோடு இரவாக நிரப்பும் படிவமாக இருக்கிறது. பெற்றோர் கையெழுத்து போடுகிறார்கள், அவ்வளவுதான்.

மூன்று ஆண்டு போதாது என்பது என் கருத்து. கான்கிரீட் கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்க வேண்டியது. திண்டிவனத்தைச் சுற்றி புறவழிச்சாலையோரம் மனைகள் பெருகுகின்றன, சிப்காட் வந்திருக்கிறது. அங்கே குடியேறுகிறவர்களின் பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் பள்ளி? இன்றே நிலம் ஒதுக்காவிட்டால் பத்து ஆண்டு கழித்து வாங்க முடியாது. மறுபுறம், உள்ளடங்கிய சிற்றூர்களில் ஒன்றாம் வகுப்புக்கு ஆள் குறைகிறது. அங்கே புதிய அறையைவிட, இருக்கும் அறையின் கூரையைச் சரிசெய்வதும் சுற்றுச்சுவரும் கழிப்பறையுமே அவசரம். எங்கே எது என்று சென்னையிலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கன்வாடியில் இன்று எத்தனை பிள்ளைகள் என்று எண்ணினால் தெரியும்.

2022–23 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பெயரில் அறிவித்த பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாயில் 18,000 வகுப்பறைகள் என்றது. பெரிய தொகை, வரவேற்க வேண்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. பழைய கட்டடங்களைக் கட்டியவர்கள் காலைச் சமையலுக்கென்று இடம் நினைத்திருக்க மாட்டார்கள். இனி வரப்போகிற தேவைக்கும் கொஞ்சம் இடம் விட்டுக் கட்டுவதுதான் தொலைநோக்கு.

ஊரைக் கேட்பது நமக்குப் புதிதல்ல. காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊர் முன்னால் வைத்தார்கள். நிலம், பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று மக்கள் தந்தார்கள். அந்த இயக்கம் மாநிலம் முழுக்கப் பரவியது. பட்டியல் ஊருக்குத் தெரிந்திருந்ததால், கட்டியதைப் பாதுகாக்கும் அக்கறையும் ஊருக்கு இருந்தது.

இன்று அந்த அக்கறை விபத்துக்குப் பிறகே வருகிறது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலிப் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பின்புதான் மாநிலமெங்கும் பழுதடைந்த கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதை ஒவ்வொரு நாளும் பார்ப்பது அங்கே படிக்கிற பிள்ளை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லும். அந்த அம்மா சொன்னதை எழுதிவைக்க ஒரு தாள் வேண்டும்.

அந்தத் தாள்தான் பள்ளி வளர்ச்சித் திட்டம். நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, அதாவது டிசம்பர் இறுதிக்குள், அது தயாராகியிருக்க வேண்டும் என்பது விதி. ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பெற்றோர்களே, அன்று உங்கள் பள்ளியின் திட்டத்தைச் சபையில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.