இரண்டரைக் கட்டையில் சங்கராபரணம்

1994-ல் 'டூயட்' படம் வந்த பிறகு, தமிழ்நாட்டில் சாக்ஸபோன் என்றாலே கத்ரி கோபால்நாத்தின் வாசிப்புதான் நினைவுக்கு வரும். அவர் கையில் இருந்தது ஆல்டோ வகை. சென்னைப் பள்ளிக்கரணையின் அடுக்குமாடி வீட்டில் ஒருவர் புதிதாகப் பழக நினைத்தாலும் ஆல்டோவே ஏற்றது. டெனர் வகையைவிடச் சிறியது, எடை சுமார் இரண்டரை கிலோ. ஆனால் வாங்கிய கையோடு சினிமாப் பாட்டைத் தேடி ஓடக் கூடாது. முதலில் ஒரு சுரம் அசையாமல் நிற்க வேண்டும்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிஸில் காப்புரிமை பெற்ற கருவி இது. உடல் பித்தளை என்றாலும், ஒலி பிறப்பது நாணல் ரீடில். நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, இதற்கு ரீட் அப்படி. கத்ரியின் தந்தையும் நாகஸ்வரக் கலைஞரே. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கண்டு மனம் பறிகொடுத்த கத்ரி, மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். மேற்கத்திய சுரங்களுக்காகச் செய்யப்பட்ட சாவிகளில் கமகத்தைக் கொண்டுவரப் பல ஆண்டுகள் உழைத்தார். 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ராம்ஸ் மேடை ஏறினார்.

பழகுபவர் ஒன்றரை அல்லது இரண்டாம் எண் ரீடில் தொடங்கலாம். மேல்பல் மவுத்பீஸ் மீது படியட்டும். கீழுதடு கீழ்ப்பல்லின் மேல் லேசாக மடியட்டும். கன்னம் உப்பக் கூடாது. கழுத்துப் பட்டையைச் சரிசெய்து கருவியை வாய்க்குக் கொண்டுவர வேண்டும். கருவிக்காகத் தலையைக் குனியக் கூடாது.

ஆல்டோவில் 'சி' வாசித்தால் ஒலிப்பது நம் இரண்டரைக் கட்டை சுருதி. அந்த 'சி'யை ஷட்ஜமாக வைத்து 'சி மேஜர்' வாசித்தால் அது சங்கராபரணம். இடக்கையின் மூன்று விரல்களை மூடினால் வரும் 'ஜி' பஞ்சமம். தம்புராவை இரண்டரைக் கட்டையில் ஓடவிட்டு அந்தப் பஞ்சமத்தை நீளமாக ஊதிப் பாருங்கள். சுருதி சேராவிட்டால் காதே சொல்லிவிடும்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர், ஐப்பசி மழையில் ஈரம் விலகாது. வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டுத் துடையுங்கள். ரீடைக் கழற்றிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் 'ஜி ஷார்ப்' சாவியின் தோல் பேட் ஒட்டிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டாரை எண்ணி கருவியின் விரிந்த வாயில் துணி அடைப்பதில் பயனில்லை. ஒலி பெரும்பாலும் பக்கத் துளைகளின் வழியாகவே வெளியேறுகிறது. அதைவிட, அவர்களிடம் பேசி மாலையில் ஒரு நேரத்தை முடிவுசெய்யலாம். பயந்து மெதுவாக ஊதிப் பழகினால் மூச்சு வளராது.

முதல் மாதம் நீண்ட சுரங்கள், பிறகு சரளி வரிசை, அதற்குப் பிறகே பாட்டு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நல்ல ஆசிரியரிடம் உட்கார்ந்து, தினமும் அரை மணி நேரம் முழு மூச்சோடு ஊதுங்கள்.