அயலறிந்து வீடு வாங்குதல்



கோல்ப் விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் வீடு வாங்குவதை மேல்நாட்டினர் பலர் பெரும்பேறாகக் கருதுவர். இலங்கைக்கும் இவ்விளையாட்டு புதியதன்று. கொழும்பில் 1879 ஆம் ஆண்டிலும் நுவரெலியாவில் 1889 ஆம் ஆண்டிலும் இதற்கெனக் கழகங்கள் தோன்றின. கண்டிக்கு அண்மையில், திகனவில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் மைதானமும் அதனை அடுத்து வீட்டுக்காணிகளும் உள்ளன.

இத்தகைய வீட்டுக்கு விலை ஏன் ஏறுகின்றது? சன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புல்வெளி. ஆயின், அப்புல்வெளி வாங்குபவருடைய உறுதியில் எழுதப்படுவதில்லை. அவர் விலை கொடுப்பது காட்சிக்கு. காட்சியின் உரிமையோ பிறர் கையில் உள்ளது. அமெரிக்காவில் 2006 ஆம் ஆண்டு முதல் புதிதாகத் திறக்கப்பட்ட மைதானங்களிலும் மூடப்பட்டவையே அதிகம். மைதானம் மூடப்பட்டபின் புல்வெளி புதராகலாம். வேறு கட்டிடங்களும் எழலாம்.

பந்தின் தொல்லையும் உண்டு. இங்கிலாந்தில் மைதானத்தை அடுத்த பெருந்தெருவிற் சென்ற வாடகைக்கார்ச் சாரதி ஒருவர், பறந்து வந்த பந்தினாற் கண்ணிழந்தார். 1922 இல் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. பந்தாவது கண்ணுக்குத் தெரியும். புல்லைப் பசுமையாக வைத்திருக்க இடும் பசளையும் தெளிக்கும் நஞ்சும் நிலத்தினுள் இறங்குவதை எவரும் காண்பதில்லை.

இதனை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஏன் பேசவேண்டும் என நீங்கள் கேட்கலாம். இங்கே வீட்டுக்கு அயலாக அமைவது பெரும்பாலும் வெங்காயத் தோட்டம், புகையிலைத் தோட்டம், பனங்காணி, அல்லது மற்றொருவர் வளவு. ஆயினும், அயல் நிலத்தில் நிகழ்வது நம் வீட்டினுள் வந்து சேரும் என்ற உண்மை வேறெங்கும் விட இங்கேதான் கூடுதலாகப் பொருந்தும்.

அதற்குக் காரணம் நமது மண்ணின் அமைப்பு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழையே நமது செல்வம். அது செம்பாட்டு மண்ணினூடாக இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. அந்நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இதற்குக் கண்கண்ட சான்று.

நம் காணிகளை வேலி பிரிக்கின்றது. நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. அயலார் தோட்டத்துக்கு இட்ட பசளையும், மலக்குழியிலிருந்து கசிவதும், சுண்ணாம்புக் கல்லின் வழியே நம் கிணற்றை அடையலாம். வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இவ்வளவைத் தாண்டிய நீரிற் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால், பச்சிளங் குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு. நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று அகலாது; நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். இந்நீரின் நிறத்திலோ சுவையிலோ குற்றம் தோன்றாது என்பதே அஞ்சத்தக்கது.

சுன்னாகத்தின் அனுபவத்தை நாம் மறத்தல் கூடாது. அங்கு மின்னிலையத்தை அண்டிய பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெரும் வழக்காயிற்று. 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு மின் உற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. நீதி கிடைத்தது நன்றே. ஆயினும் எண்ணெய் கலந்த கிணற்றைப் பழைய கிணறாக்கத் தீர்ப்பினால் மட்டும் இயலாது.

இனி, உறுதியைப் பார்ப்போம். பழைய உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் குறிக்கப்பட்டிருக்கும். இவற்றை வெறும் வாய்பாடு என்று விட்டுவிடலாகாது. உங்கள் வளவினூடாக அயலார் நடந்து செல்லும் உரிமையும், உங்கள் கிணற்றில் அவர் இறைக்கும் உரிமையும் அவ்வொரு வரியில் அடங்கியிருக்கலாம்.

தேசவழமைக்கு உட்பட்ட காணியாயின் மற்றொன்றும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707 அளவில், தொகுக்கப்பட்ட அவ்வழமை, காணி விற்கும்போது உரித்தாளருக்கும் பங்காளிகளுக்கும் காணியை அடைமானமாகப் பெற்ற அயற்காணிக்காரருக்கும் முதலில் வாங்கும் உரிமையை வழங்கியது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் அவ்வுரிமையைப் பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் என வரையறுத்தது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடாது விற்ற காணியை வாங்குபவர் பின்னர் வழக்காட நேரலாம். ஆகவே நொத்தாரிசை அணுகும்போது, விற்பவர் தனியுரிமையாளரோ பங்காளியோ என்பதை முதலில் தெளிந்துகொள்ளுங்கள்.

வீடு பார்க்கப் போகின்றவர் மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் போதல் நன்று. மாரியில் வெள்ளம் நிற்கும் இடம் தெரியும். கோடையில் கிணற்றின் உண்மை தெரியும். அயல் தோட்டத்தில் என்ன பயிர், எத்தனை முறை இறைப்பு என்று வினவுங்கள். தம் வளவின் மலக்குழியையும் அயலார் மலக்குழியையும் கிணற்றிலிருந்து அளந்து பாருங்கள். முற்பணம் கொடுக்குமுன் கிணற்று நீரை ஆய்வுகூடத்திற் சோதிப்பியுங்கள். அதற்காகும் செலவு, உறுதி முடிக்கும் செலவோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிது.

சுவரின் வெடிப்பைப் பூசி மறைக்கலாம், கூரையை மாற்றலாம், வேலியைப் புதிதாக அடைக்கலாம். நிலத்தடி நீரை அவ்வாறு திருத்த எவராலும் இயலாது. வாங்குபவராக இருக்கும்வரை அயலைப் பற்றி வினவும் உரிமை நமக்கு உண்டு. வாங்கிக் குடியேறிய நாள் முதல் நாமும் ஒருவருக்கு அயல். நம் கையாற் கொட்டும் பசளையும் நாம் வெட்டும் குழியும் அவர் கிணற்றை நாடிச் செல்லும். அதனையும் எண்ணி வாழ்வோமாக.