வலிக்கு மின்சாரம்: கருவியா, அளவா?
முழங்கால் வலிக்கு ஒரு பிசியோதெரபி மையத்தில் டென்ஸ் (தோல்வழி மின் நரம்புத் தூண்டல்) வைக்கிறார்கள், இன்னொன்றில் ஐ.எஃப்.டி. (இன்டர்ஃபெரன்ஷியல் மின்சிகிச்சை). எது உசத்தி என்பதைவிட, எவ்வளவு வலுவாகக் கொடுக்கிறார்கள் என்பதே நோயாளி கேட்க வேண்டிய கேள்வி. 1965-இல் ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த வாயில் கோட்பாட்டின்படி, தொடு உணர்வைக் கடத்தும் தடித்த நரம்புகளைத் தூண்டினால் தண்டுவடத்திலேயே வலிச் செய்தி மட்டுப்படுகிறது. டென்ஸ் அந்த நரம்புகளைத்தான் தட்டுகிறது. அத்துடன் உடல் தானே சுரக்கும் ஓபியாய்டுகளும் வேலை செய்கின்றன; நொடிக்கு 100 துடிப்புக்கு ஒரு வகை ஏற்பி, 4 துடிப்புக்கு மார்ஃபினும் பற்றும் வேறொரு வகை. மார்ஃபின் போன்ற மருந்துக்குப் பழகிய உடலில் குறைந்த அதிர்வெண் எடுபடாமல் போவது இதனால்தான். ஐ.எஃப்.டி.யோ சுமார் 4,000 ஹெர்ட்ஸ் கொண்ட இரண்டு மின்னோட்டங்களைக் குறுக்காகச் செலுத்துகிறது. தோலின் தடையைத் தாண்டி ஆழமாகப் போகும் என்பது அதற்குச் சொல்லப்படும் பெருமை. ஆனால், நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் வலி குறைவதில் தெளிவான வித்தியாசம் தென்படவில்லை.

எல்லாமே மனப்பிரமை என்பவர்களும் உண்டு. இடுப்பு வலிக்கு இவ்விரண்டையும் தர வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2016-இல் சொன்னதை ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் 381 ஆய்வுகளைத் திரட்டிய 2022-ஆம் ஆண்டின் அலசல், டென்ஸ் கொடுக்கும்போதும் கொடுத்து முடித்த உடனேயும் வலி குறைவதைக் காட்டியது. லேசான கூச்சத்தோடு நிறுத்திக்கொண்ட சோதனைகள் தோற்றதில் வியப்பில்லை. வலிக்காத எல்லைக்குள், நன்கு உறைக்கும்படி கொடுக்க வேண்டும். உடல் பழகப் பழக அளவைக் கூட்டவும் வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.