கண்ணிமைக்கும் நேரம்

"கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது." சாலை விபத்தில் உயிர் தப்பியவர்கள் பெரும்பாலும் கூறும் சொற்கள் இவை. கண் மூடித் திறக்கும் நேரத்தை நம் முன்னோர் அன்றே எண்ணிப் பார்த்திருக்கின்றனர். எழுத்தொலியின் அளவாகிய மாத்திரைக்குக் கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் அளவாகத் தந்தது தொல்காப்பியம். இன்றைய கருவிகளைக் கொண்டு அளந்தால், ஓர் இமைப்பு அரை விநாடியைக்கூட எட்டுவதில்லை. அத்துணைச் சிறிய நேரத்தில் நம் உயிரின் காப்பு எவ்வாறு அடங்கியிருக்கிறது என்பதை இங்குக் காண்போம்.

காண்பதற்கும் செயற்படுவதற்கும் இடையே

விடியற்காலையில் பால்மர நிரையில் நடக்கும்போது காலடியில் ஏதோ நெளிகிறது. உடனே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறோம். 'உடனே' என்று நாம் சொன்னாலும் அதற்கும் ஒரு கால அளவு உண்டு. கண் கண்ட செய்தி நரம்பு வழியே மூளையை அடைய வேண்டும். அது பாம்பா, காற்றில் அசையும் கொடியா என்று மூளை தெளிய வேண்டும். பிறகு அதன் கட்டளை தண்டுவடம் வழியாகக் கால் தசைக்கு வந்து சேர வேண்டும். இவை அனைத்திற்கும் ஆகும் நேரத்தையே எதிர்வினை நேரம் என்கிறோம்.

நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை மனிதனால் அளக்கவே இயலாது என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் கருதினர். 1850ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பைக் கொண்டு அதனை அளந்து காட்டினார். விநாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் என்பது அவர் கண்ட அளவு. 1868இல் ஹாலந்து நாட்டு மருத்துவர் டாண்டர்ஸ் மற்றோர் உண்மையை வெளியிட்டார். ஒரே செயலைச் செய்வதைவிட, இரண்டில் ஒன்றைத் தேர்ந்து செய்வதற்குக் கூடுதல் நேரம் ஆகும் என்பதே அது. பிரேக்கை அழுத்துவதா, வண்டியை ஒடிப்பதா என்று தடுமாறுவோர் காலம் தாழ்த்துவதற்குக் காரணம் இதுவே.

நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர், ஒளியைக் கண்டு விரலை அசைக்க ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை ஆகும். ஒலியைக் கேட்டுச் செயற்பட அதனினும் சற்றுக் குறைந்த நேரம் போதும்.

பயிற்சி மிக்க ஓட்டக்காரரும் இந்த இயற்கை விதிக்கு உட்பட்டவரே. நம் நாட்டின் புகழ்பெற்ற வீரர் டாக்டர் எம். ஜெகதீசன் 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நிலைத்து நின்றது. 2017இல் கைருல் ஹபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் ஓடி அதனை முறியடித்தார். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு நூறில் இரண்டு பங்கு விநாடியே. இவ்வளவு நுட்பமாக நேரம் அளக்கப்படும் ஓட்டப் போட்டியில், வெடியோசைக்குப் பின் 0.1 விநாடிக்குள் ஒருவர் புறப்பட்டால் அது தவறான புறப்பாடு என்று விதி கூறுகிறது. ஓசையைக் கேட்டு அவ்வளவு விரைவாக மனிதன் புறப்பட இயலாது என்பதே அவ்விதியின் அடிப்படை.

வீட்டிலேயே ஒரு சோதனை

பள்ளிப் பிள்ளையின் 30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அதன் மேல்முனையைப் பிடித்துத் தொங்கவிடட்டும். மற்றவர் கீழே சுழி எண்ணுக்கு நேராகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வைத்துக்கொள்ளட்டும். முன்னறிவிப்பின்றி மேலுள்ளவர் அளவுகோலை விட்டவுடன் கீழுள்ளவர் பிடிக்க வேண்டும். 10 சென்டிமீட்டரில் பிடித்தால் எதிர்வினை நேரம் 0.14 விநாடி, 20 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.20 விநாடி, 30 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.25 விநாடி. காலையில் ஐந்து முறையும், வேலைக் களைப்போடு இரவில் ஐந்து முறையும் செய்து பாருங்கள். வேறுபாடு உங்களுக்கே புலப்படும்.

நேரத்தை நீட்டிக்கும் காரணங்கள்

வயது ஏற ஏற எதிர்வினை நேரம் சிறிது சிறிதாகக் கூடுகிறது. சளிக்கும் அரிப்புக்கும் உண்ணும் சில மாத்திரைகள் உறக்கத்தைத் தந்து அதனை மேலும் கூட்டுகின்றன. கைத்தொலைபேசி கருத்தைச் சிதறடிக்கிறது.

இவை அனைத்தினும் தோட்டப் பாட்டாளிகள் சிறப்பாக அறிய வேண்டியது உறக்கக் குறைவைப் பற்றியே. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்கிறது. அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது. மலேசியாவில் 2020ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வாகனமோட்டிகளுக்கு விதித்த வரம்பும் இதுவே. பிரட்டுக்காக விடியற்காலை 4 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 9 மணியோடு 17 மணி நேரம் நிறைவடைகிறது. திருமணத்திற்கோ திருவிழாவிற்கோ சென்று இரவில் திரும்பும் அவர், ஒரு துளி கள்ளும் அருந்தாமலேயே அருந்தியவரின் நிலையில் வண்டியோட்டுகிறார். மெய்யாகவே அருந்தியும் விட்டால் அவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

சாலை கற்பிக்கும் பாடம்

பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். அதனை நடத்திய பங்கே, கிரிசார் என்னும் நிறுவனத்தாரின் பெயர்களே இணைந்து பங்சார் ஆயிற்று என்பர். பால்மரங்கள் நின்ற இடத்தில் இன்று கடைத்தெருக்களும் குடியிருப்புகளும் உள்ளன. அதன் தெற்கு ஓரமாகக் கிள்ளான் நோக்கிச் செல்கிறது கூட்டரசு நெடுஞ்சாலை. மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனித் தடம் 1970களில் அமைக்கப்பட்ட சாலை இது. கனரக வண்டிக்காரரும் மோட்டார் சைக்கிள்காரரும் ஒருவரையொருவர் கண்டு தெளிய வேண்டிய தேவையையே இத்தடம் பெருமளவு நீக்கிவிடுகிறது.

தனித் தடம் இல்லாத சாலைகளுக்கு 1992ஆம் ஆண்டில் வேறொரு வழி காணப்பட்டது. பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கை எரியவிடும் இயக்கம் அவ்வாண்டு தொடங்கியது. ஷா ஆலமிலும் சிரம்பானிலும் நிகழ்ந்த விபத்துகளை ராடின் உமார் முதலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். மோட்டார் சைக்கிள் கண்ணில் படாமையால் நேரும் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததை அவர்கள் கண்டனர். எரியும் விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் விரைவில் படுகிறது. அவருக்குக் கிடைக்கும் அந்தச் சில நொடிகளே நம் உயிரைக் காக்கின்றன.

மரக் கணக்கில் ஓர் அளவு

எதிர்பாராத இடையூற்றைக் கண்டு பிரேக்கை அழுத்தச் சாலையில் ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அதற்குள் 25 மீட்டர் ஓடிவிடும். நிரையில் மரத்துக்கு மரம் 3 மீட்டர் என்று கொண்டால், எட்டு மரங்களைக் கடந்த பிறகே பிரேக் பிடிக்கத் தொடங்குகிறது. செம்மண் சாலையிலிருந்து பெருஞ்சாலைக்கு ஏறும் இளைஞர்கள் இந்த எட்டு மரங்களை மனத்தில் இருத்த வேண்டும்.

"என் கை விரைவானது" என்று எவரும் நம்பியிருத்தல் ஆகாது. மூளையும் நரம்பும் கேட்கும் நேரத்தை எந்தத் திறமையாலும் முற்றாக மிச்சப்படுத்த இயலாது. ஆயினும் அவற்றுக்கு வேண்டிய நேரத்தை நாம் முன்கூட்டியே தர இயலும். முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விடுவோம், வேகத்தைக் குறைப்போம், முன்விளக்கை எரியவிடுவோம், உறக்கம் கண்ணைச் சுழற்றினால் வண்டியை எடுக்காதிருப்போம். விடியலில் வேலைக்குப் புறப்பட்டவர் மாலையில் தம் பிள்ளைகளிடம் நலமாகத் திரும்ப இவை துணைபுரியும்.