தீவில் ஓர் இரவு தங்கலாமா?

நெல்லைச் சீமையில் கல்லூரி மாணவர்கள் கூட்டமாகச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும்போது ஒரு யோசனை தவறாமல் எழும். தூத்துக்குடிக்கு எதிரே கடலில் ஆளில்லாத தீவுகள் இருக்கின்றனவே, ஒரு படகைப் பிடித்துப் போய் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தால் என்ன?

சட்டம் இதற்கு இடம் தராது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக அமைந்த 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே கால் வைக்கக் கூடாது. ஆனால் சட்டத்தைச் சொல்லி வாயடைப்பது ஆசிரியர் வேலையன்று. அந்தத் தீவு எதனால் ஆனது, எதனால் நிற்கிறது என்பதைப் பார்ப்போம்.

தீவு என்றதும் கடலுக்குள்ளிருந்து எழுந்து நிற்கும் கெட்டியான பாறையை மனம் கற்பனை செய்கிறது. தூத்துக்குடித் தீவுகள் அப்படிப்பட்டவை அல்ல. பவளத் துண்டுகளும் சிப்பி ஓடுகளும் அலையில் அரைபட்டு மணலாகிக் குவிந்த தாழ்ந்த மேடுகளே அவை. கரையில் நிலைமை வேறு. சங்க காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகமாயிருந்த கொற்கை, இன்று கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் அங்கே நிலமாயிற்று. தீவுக்கு மண் கொண்டுவந்து கொட்ட ஆறு ஏது? பவளப் பாறைதான் அதற்கு மணல் தரவேண்டும். அந்த மணலை அலை அள்ளிப் போகாமல் காக்க வேண்டியதும் அதே பவளப் பாறைதான்.

காப்பது எப்படி? அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது உயரம் பாதியானால் ஆற்றல் காற்பங்காகக் குறையும். ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும், ஏறத்தாழ அலையின் உயரமும் அதில் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்த அளவுக்கு ஆழம் சுருங்கும்போது, அலை உடைந்து நுரைக்கிறது. நீருக்குள் மறைந்திருக்கும் பவளத் திட்டு, அந்த உடைப்பைக் கரைக்கு வெகு முன்பே நடத்திவிடுகிறது. கரடுமுரடான அதன் மேற்பரப்பு மீதி ஆற்றலையும் உராய்வில் கரைக்கிறது. உலகின் பல கடல்களில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, பவளத் திட்டுகள் அலை ஆற்றலைச் சராசரியாக 97 சதவீதம் குறைப்பதாகக் கண்டது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் தடுப்புச் சுவர்கூட இதற்குமேல் என்ன செய்துவிடும்?

அப்படிப்பட்ட சுவரைத்தான் நாம் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தோம். சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் வள்ளம் வள்ளமாகப் பவளக்கல் கரை சேர்ந்தது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன் பிறகே அது படிப்படியாக நின்றது. அதற்குள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1986-இல் சுமார் 16 ஹெக்டேராக இருந்தது. 2014-இல் சுமார் 2 ஹெக்டேர்தான். காரியாசல்லித் தீவு 1969-இல் ஏறத்தாழ 21 ஹெக்டேர்; 2024-இல் சுமார் 3 ஹெக்டேர்.

இந்தச் சுருக்கம் போகப் போக வேகமெடுப்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. தீவை வட்டமென்று வைத்துக்கொள்வோம். 16 ஹெக்டேர் என்றால் ஆரம் சுமார் 226 மீட்டர். கரையோரம் சுற்றிலும் 10 மீட்டர் அரிக்கப்பட்டால் பரப்பில் 9 சதவீதம் போகும். 2 ஹெக்டேர் வட்டத்தின் ஆரமோ 80 மீட்டர்தான். அதே 10 மீட்டர் அரிப்பு இங்கே 23 சதவீதத்தை விழுங்கிவிடும்! சிறுத்த தீவுக்கு ஒவ்வொரு அலையும் பேரலைதான்.

வான் தீவைச் சுற்றி 2015 முதல் துளையிட்ட கான்கிரீட் அமைப்புகள் பத்தாயிரத்துக்கும் மேல் கடலடியில் இறக்கப்பட்டன. துளை எதற்கு? முழுச்சுவரில் மோதும் அலை திரும்பி வந்து அடிமணலைத் தோண்டும். துளை வழியே புகும் நீரோ சுழித்துச் சுழித்துத் தன் ஆற்றலை இழக்கும். மீன்களுக்கும் தங்க இடம் கிடைக்கும். அதன்பின் தீவின் பரப்பு சிறிது கூடியது. எனினும் உயிருள்ள பவளம் தானே வளரும், கான்கிரீட் வளராது.

முப்பது பேர் ஓர் இரவு தங்குவதால் தீவு மூழ்கிவிடுமா என்று கேட்கலாம். மூழ்காதுதான். ஆனால் மேட்டு மணலைப் பிடித்து வைத்திருப்பது அடம்பங்கொடி போன்றவற்றின் வேர்கள். கூடாரம் அடிக்கவும் அடுப்பு மூட்டவும் முதலில் அழிவது அந்தக் கொடிதான். விளக்கொளியும் ஒரு தொல்லை. முட்டையிலிருந்து வெளிவரும் கடலாமைக் குஞ்சு, வெளிச்சமான திசையே கடல் என்று கொண்டு நகரும். கைவிளக்கு அதைத் திசைதிருப்பிவிடும். ஒரு கூட்டம் போனால் மறுவாரம் இன்னொரு கூட்டம் புறப்படும் என்பதையும் மறக்கலாகாது.

கடலோடு ஓர் இரவைக் கழிக்க விரும்பும் மாணவர்களுக்குத் திருச்செந்தூர் இருக்கிறது. பௌர்ணமி இரவில் அங்கே கடற்கரையில் ஏராளமானோர் தங்கியிருக்கிறார்கள். கடல் உள்வாங்கியது என்று அமாவாசை, பௌர்ணமி நாட்களில் செய்தித்தாள்களில் படிக்கிறோமே, அதையே அளந்து பார்க்கலாம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே ஓர் இரவில் ஏற்றம், வற்றம் இரண்டையும் பார்த்துவிடலாம். நம் கரையில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆனால் 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சரியும் கரையில், 70 சென்டிமீட்டர் ஏற்றம் நீர்விளிம்பை 14 மீட்டர் நகர்த்தும்.

வேண்டியவை சில குச்சிகள், ஓர் அளவுநாடா, ஒரு கடிகாரம். அரைமணிக்கு ஒருமுறை, அடுத்தடுத்துப் பத்து அலைகள் ஏறிய எல்லைகளைக் கவனித்து, அவற்றின் சராசரி இடத்தில் குச்சி நடவேண்டும். கூட்டமாகப் போவது இங்கேதான் பயன்படும்: முறைவைத்து விழித்திருக்கலாம். விடிந்ததும் குச்சிகளுக்கிடையே உள்ள தூரத்தை நேரத்துக்கெதிராக வரைபடமாக்குங்கள். பிறகு அதே 14 மீட்டரை, 160 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு தீவின் இரு பக்கமும் கழித்துப் பாருங்கள்.