சிலந்தி மனிதனும் வாடகைப் பாக்கியும்

வாடகைப் பாக்கிக்காக ஓர் இளைஞனின் தட்டுமுட்டுச் சாமான்களை வீட்டுக்காரர் அப்புறப்படுத்திவிட்டார். அவற்றைக் குப்பை வண்டி வாரிக்கொண்டு போய்விட்டது. பையன் பகலில் ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளாக இருக்கிறான். அந்தக் கூடமோ பணமுடையில் தள்ளாடுகிறது. இரவில் தலைசாய்க்க இடமின்றி, வீடற்றோர் விடுதியொன்றில் போய்ப் படுத்துக்கொள்கிறான்.

நாவலப்பிட்டிப் புகையிரத நிலைய மேடையில் இளைஞர் நால்வர் கூடி இக்கதையைப் பேசிக்கொண்டு நின்றால், அருகில் நிற்பவர் என்ன எண்ணுவார்? கொழும்பிலே கடைச் சிப்பந்தியாக இருக்கும் தொலஸ்பாகைப் பையன் எவனையோ பற்றிய பேச்சு என்றே எண்ணி இரங்குவார். ஆனால் அந்தப் பையனின் பெயர் பீட்டர் பார்க்கர். ஊர் நியூ யோர்க். வேலை முடிந்த பின்னர் முகமூடி அணிந்து, மணிக்கட்டிலிருந்து நூல் எறிந்து, மாடத்துக்கு மாடம் தாவித் திருடரைப் பிடிப்பவன். உலகம் அவனைச் சிலந்தி மனிதன் என்கிறது.

1962 ஆம் ஆண்டு ஸ்டான் லீ என்னும் எழுத்தாளரும் ஸ்டீவ் டிட்கோ என்னும் ஓவியரும் சேர்ந்து இப்பாத்திரத்தை ஒரு சித்திரக்கதை இதழில் உலவவிட்டனர். அதற்கு முன்னர்ப் புகழ்பெற்ற வீரர்களில் ஒருவன் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவன். மற்றொருவன் பெருஞ் செல்வன். இவனோ பள்ளிக்கூடப் பையன், அதிலும் பணத் தொல்லை உள்ளவன். அந்தப் பழைய கதையை எடுத்து, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள இன்சொம்னியாக் என்னும் நிறுவனம் ஒரு வீடியோ விளையாட்டாக ஆக்கி, 2018 செப்டெம்பர் 7 ஆம் நாள் வெளியிட்டது. முதல் மூன்று நாட்களில் மட்டும் 33 இலட்சம் பிரதிகள் விற்பனையாயின.

கதை சொல்லும் வீடியோ விளையாட்டு என்றால் என்னவென்று அறியாத வாசகர்க்கு ஒரு வார்த்தை. பந்தாட்டத்தையோ கார்ப் பந்தயத்தையோ போன்று வெற்றி தோல்வியோடு முடிந்துபோவதன்று இது. பாதி திரைப்படம், பாதி பொம்மலாட்டம் எனலாம். வீரன் தாவுவதும் அடிப்பதும் ஒளிவதும் ஆடுபவரின் விரல்களில் இருக்கின்றன. இடையிடையே விரல்களுக்கு வேலை நின்றுபோய், பாத்திரங்கள் தாமே பேசிக் கதையை நடத்துகின்றன. இதைச் செய்தவர்களின் கவனத்துக்கு ஒரு சான்று: பீட்டருக்குக் குரல் கொடுத்த நடிகர் யூரி லோவெந்தால் பல வசனங்களை இருமுறை பேசிப் பதிவு செய்திருக்கிறார். வீரன் சும்மா நிற்கும்போது ஒலிப்பது ஒன்று. தாவிக்கொண்டிருக்கையில் மூச்சு வாங்க ஒலிப்பது மற்றொன்று. எந்த நேரத்தில் ஆடுபவர் என்ன செய்துகொண்டிருக்கிறாரோ அதற்கேற்ற குரல் வந்து விழும்.

1972 இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இரும்புக்கை மாயாவியை வெளியிட்டதை நினைவில் வைத்திருப்போர் நம்மிடையே இன்னும் உளர். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த மனிதனை ஒரு புத்தகத்தில் பத்துப் பேர் படித்தார்கள். இன்றும் விஷயம் பெரிதாக மாறவில்லை, மாறியது விலைதான். சிலந்தி மனிதன் விளையாட்டு வெளிவந்தபோது அதன் விலை 60 டொலர். அந்நாளைய நாணய மாற்றில் ஏறத்தாழ 10,000 ரூபாய். பிளேஸ்டேஷன் பெட்டியின் விலை வேறு. அதே காலத்தில், 2016 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி, தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய். கொடுப்பனவுகள் யாவும் சேர்ந்தால் 730. ஒரு தாய் இருபது நாள் அடிப்படைச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்தால்தான் மகன் ஒரு தட்டை வாங்க முடியும். அந்த விளையாட்டு வெளிவந்த மறுமாதத்தில்தான், 2018 ஒக்டோபரில், அடிப்படைச் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டுமென்று மலையக இளைஞர்கள் கொழும்புக் காலிமுகத்திடலில் திரண்டார்கள்.

ஆகவே இங்கே அது வந்த வழிகள் வேறு. கொழும்பில் வேலை பார்ப்பவர்கள் பழைய பெட்டியைத் தவணைக்கு வாங்கித் தீபாவளி விடுமுறைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு தட்டு கைமாறிக் கைமாறி மூன்று தோட்டம் சுற்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, கைபேசியில் யூடியூப். எவரோ ஒருவர் ஆடுவதைப் பதிவு செய்து போட, அதைத் தொடர்கதைபோல் நாளுக்கு அரைமணி நேரம் பார்த்து முடித்தவர்களே மிகுதி. கருவியைத் தொடாமலே முழு விளையாட்டையும் ஆடியவர்கள் இவர்கள். விளையாட்டில் பேச்சு ஆங்கிலம். தமிழ் எழுத்து வரிகளும் கிடையா. ஆங்கிலம் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்ல, அவன் தன் தம்பிக்குச் சொல்ல, கதை வாய்வழியாகவே தமிழாகிறது.

அவர்களுடைய சம்பாஷணையைச் சற்றுக் கவனித்துக் கேட்கவேண்டும். அடிதடிச் சத்தம்தானே என்று நம்மவர் ஒதுக்குகிறார்கள். அடிதடியைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதேயில்லை.

முதல் வழக்கு இது. விளையாட்டின் சில பகுதிகளில் சிலந்தி மனிதனை விட்டுவிட்டு, மேரி ஜேன் என்னும் பத்திரிகை நிருபராகவோ, மைல்ஸ் என்னும் சிறுவனாகவோ நாம் நடக்கவேண்டும். அவர்களுக்குத் தாவத் தெரியாது, அடிக்கவும் வலுவில்லை. பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கிச் செல்லவேண்டும். உலகெங்கும் ஆடியவர்கள் பலர் இப்பகுதிகளைச் சலிப்பூட்டுவன என்று குறைகூறினர். நாவலப்பிட்டியிலும் அதே குரல் உண்டு. எனினும் வேறொரு கட்சியும் இருக்கிறது. மாடத்தின் மேலிருந்து பார்த்த தெருவையே, கீழே நின்று, பிடிபட்டால் செத்தோம் என்ற அச்சத்தோடு பார்க்கும்போதுதான் அந்த நகரம் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது என்பது அவர்கள் வாதம். குண்டுவெடிப்பில் தந்தையை இழந்த மைல்ஸ், காண்டாமிருகக் கவசம் பூண்ட ஒரு முரடனின் காலடியில் ஊர்ந்து தப்பும் இடம் ஒன்றுண்டு. அந்தப் பகுதியைச் சலிப்பென்று சொல்வோர் பக்கம் நான் இல்லை.

இரண்டாவது வழக்கு இன்னும் கூர்மையானது. நகரத்துக் கட்டடங்களின் மேல் பொலிசாரின் கண்காணிப்புக் கருவிகள் பழுதுபட்டு நிற்கின்றன. சிலந்தி மனிதன் ஒவ்வொன்றாகச் செப்பனிட்டால் எங்கெங்கே குற்றம் நிகழ்கிறது என்பது வரைபடத்தில் தோன்றும். வீரன் பொலிசாரின் ஒற்றுக் கண்ணைத் துடைத்துக் கொடுக்கலாமா என்று 2018 இலேயே அமெரிக்க விமர்சகர் சிலர் கேட்டனர். நம்மவர்க்கு அந்தக் கேள்வியைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 வரை நீடித்த போர்க்காலத்தில், அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொழும்புத் தெருவில் நடந்த தகப்பன்மாரின் பிள்ளைகள் இவர்கள். விளையாட்டின் பிற்பாதியில் நகர முதல்வர் கொண்டுவந்த தனியார் படையொன்று தெருக்களில் முகாமிட்டு, கடைசியில் சிலந்தி மனிதனையே வேட்டையாடத் தொடங்குகிறது. அந்த இடம் வந்ததும், அடுத்த அறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போன ஒரு தந்தையை எனக்குத் தெரியும்.

கதையின் முடிவைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுத இயலாது. இனிமேல் ஆடப்போகிறவர்கள் பொறுத்தருள்க. நகரத்தில் ஒரு கொள்ளைநோய் பரப்பப்படுகிறது. பரப்புபவர் வேறு யாருமல்லர். பீட்டர் குருவாக மதித்த அந்த விஞ்ஞானியே. அவரை வென்று மாற்று மருந்தைக் கைப்பற்றி ஓடிவருகிறான் பீட்டர். ஆனால் மருந்து மிகச் சொற்பம். படுக்கையில் கிடப்பவளோ அவனைப் பெறாமல் வளர்த்த மே. அவளுக்குக் கொடுத்துவிட்டால், அதைப் பார்த்து மேலும் மருந்து செய்ய ஒன்றும் எஞ்சாது, ஊர் மடியும். தான் வளர்த்த பிள்ளையே சிலந்தி மனிதன் என்பது தனக்கு எப்போதோ தெரியுமென்று அவள் சொல்கிறாள். அவன் மருந்தைக் கொடுக்காமல் அழுதுகொண்டு நிற்கிறான். அவள் இறந்துபோகிறாள்.

அதுவரை இருபது மணி நேரமாகக் கையிலிருந்த கருவி அந்த வேளையில் செத்துப்போகிறது. “அந்த எடத்துல எந்தப் பொத்தான அமுக்கியும் ஒண்ணும் செய்ய ஏலாது மாமா” என்றான் என் தமக்கையின் மகன். நூறு பேரை ஒற்றை ஆளாய் அடித்து வீழ்த்திய விரல்கள் அவை. கதையில் அவன் மனத்தைத் தைத்தது எது என்று கேட்டதற்கு அவன் சொன்ன விடை இது ஒன்றுதான்.

இந்த விடை மலைநாட்டுக்குப் புதிதன்று. மாசி மாதத்தில் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கையில், மன்மதன் எரியப்போகிறான் என்பதை அறியாதவர் எவர்? சிவனின் தவத்தைக் கலைக்கப் போகவேண்டாமென்று ரதி தடுக்கிறாள். அவன் போகிறான், எரிகிறான், அவள் ஒப்பாரி வைக்கிறாள். ஆண்டுதோறும் அப்படியே நடக்கிறது. ஆண்டுதோறும் பனியில் குந்தியிருந்து அழுகிறோம். பொன்னர் சங்கர் கூத்தில் அண்ணன்மார் படுகளத்தில் வீழும்போது, அவ்வேடம் பூண்டவர் பிணம்போலக் கிடக்கிறார். மறுநாட் காலை கொழுந்து மலைக்குச் சம்பளத்துக்குப் போகவேண்டிய மனிதர் அவர். அருச்சுனன் தபசிலே வேடதாரி நெடிய மரத்தின் உச்சிவரை ஏறிப் பாடுகிறார். வீரனுக்கு முடிவை மாற்றும் உரிமை எந்தக் கூத்திலும் இருந்ததில்லை. அந்த உரிமையின்மையை ஆடுபவரின் கையிலேயே உணரவைத்தது இந்தப் புது விளையாட்டின் சாமர்த்தியம்.

முடிவை நம்மிடமே விட்டுவிடும் விளையாட்டுகளும் உண்டு. 2025 ஒக்டோபர் 22 முதல் வாரத்துக்கு இரண்டு அத்தியாயங்களாக வெளிவந்து நவம்பரில் நிறைவுற்ற டிஸ்பாட்ச் அத்தகையது. பரம்பரையாக வந்த இயந்திரக் கவசத்தை இழந்த ஒரு வீரன், மேசையில் உட்கார்ந்து, திருந்த விரும்பும் பழைய கேடிகளை இன்ன சம்பவத்துக்கு இன்னார் போ என்று ஏவுகிறான். காலைப் பிரட்டில் கணக்கப்பிள்ளை வேலை பிரித்துக் கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கூட்டத்தில் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தியே ஆகவேண்டிய ஒரு கட்டம் வருகிறது. யாரை என்பதை ஆடுபவரே தீர்மானிக்கவேண்டும். உலகில் எத்தனை வீதத்தினர் எவரை நிறுத்தினர் என்ற கணக்கும் பின்னர்த் திரையில் வருகிறது. கல்கி வார இதழில் பொன்னியின் செல்வன் வந்த 1950 முதல் 1954 வரையிலான ஆண்டுகளில் அடுத்த இதழுக்காகக் காத்திருந்தவர்களின் அவதியை, இங்கே சில வாரங்கள் அந்த விளையாட்டுக்காகக் காத்திருந்தவர்களிடம் கண்டேன். தெரிவு செய்யும் சுதந்திரம் நல்ல சுவைதான். ஆயினும் தெரிவு செய்தவன் தன் தெரிவுக்கு நியாயம் சொல்லத் தொடங்கிவிடுகிறான். அழுவதற்கு அவனுக்கு நேரமில்லை. என் வாக்கு பழைய பாணிக்கே.

மேயின் மரணப் படுக்கையை என் தமக்கை மகன் ஆடிக்கொண்டிருந்த போது என் தாயாரும் உடனிருந்தார். பொன்னர் சங்கரைச் சிறுவயதில் விடிய விடியப் பார்த்தவர். ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியாதவர்.

“யாருடா அது?” என்றார்.

“ஆன்ட்டி, அம்மாயி.”

“ஆன்ட்டின்னா? அப்பன்கூடப் பொறந்தவளா, ஆத்தாகூடப் பொறந்தவளா?”

“ரெண்டும் இல்ல. அப்பாவோட அண்ணன் சம்சாரம்.”

“பெரியம்மான்னு சொல்ல வாய் வலிக்குதா?”

பையன் திகைத்துவிட்டான். அதுவரை அவனுக்கு அவள் ஆன்ட்டி. கொழும்புக் கடை முதலாளியின் மனைவியும் ஆன்ட்டி, பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அந்நியப் பெண்ணும் ஆன்ட்டி. பெரியம்மா என்ற மாத்திரத்தில் உள்ளே அம்மா வந்து உட்கார்ந்துகொண்டாள். அன்று மாலை அவன் நண்பர்களுக்குக் கதையைத் திருப்பிச் சொன்னபோது பெரியம்மா என்றே சொன்னான். உடனே வழக்கும் மூண்டது. பெரியம்மாவுக்கு மருந்து கொடுக்காதவன் என்ன பிள்ளை என்றது ஒரு கட்சி. ஊரைக் கொன்று பிழைக்க அவளே சம்மதிக்க மாட்டாள் என்றது மறு கட்சி. தஞ்சைச் சீமையின் லாவணி மேடையில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் இரவு முழுவதும் பாடுவார்களே, அந்த வேகம் இருந்தது அவர்கள் பேச்சில்.

என் தாயார் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அந்த மருந்தால் பிழைத்த ஊர்ச்சனத்துக்கு, அது யாருக்குக் கொடுக்காமல் வைத்த மருந்து என்று பிறகாவது தெரிந்ததா என்று மட்டும் கேட்டார்.

இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசிக் காட்சி வரை மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். தெரிந்ததாக எங்கும் இல்லை.