யந்திரச் சட்டாம்பிள்ளை

பழைய காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் ஒருவர், பிள்ளைகளோ பலர். அரிச்சுவடி தொடங்கிய குழந்தையும் எண்சுவடி முடித்த பையனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை பேருக்கும் தனித்தனியாகப் பாடம் சொல்லிக் கொடுப்பது ஒருவரால் ஆகிற காரியமா? இதற்கு நம் முன்னோர் கண்ட உபாயந்தான் சட்டாம்பிள்ளை. பாடத்தில் முந்திய பையன் பிந்திய பையனுக்குச் சொல்லிக் கொடுப்பான். உபாத்தியாயர் மேற்பார்வை செய்வார்.

இதையொத்த முறை ஒன்று சென்னையிலிருந்து கடல் கடந்தும் சென்றது. ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்காக எழும்பூரில் இருந்த விடுதியின் பொறுப்பை 1789-ல் ஏற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் விடுதியிலும் அதைப் புகுத்தினார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கருக்குப் போதிக்கவும் ஏற்பாடு செய்தார். 1797-ல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பின், 'சென்னை முறை' என்ற பெயரால் அது இங்கிலாந்திலும் பரவியது. அவர் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு ஏற்பட்ட பள்ளிக்கூடம் ஒன்று, ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயருடன் இன்றும் நடந்து வருகிறது.

தனியாகப் போதித்தால் பலன் அதிகம் என்பதை எல்லோரும் அறிவோம். எவ்வளவு அதிகம் என்று 1984-ல் கணக்கிட்டுச் சொன்னார் அமெரிக்கக் கல்வி நிபுணர் பெஞ்சமின் புளூம். தனி உபாத்தியாயரிடம் கற்ற சராசரி மாணாக்கன், கூட்டமாக வகுப்பில் கற்றவர்களில் 100-க்கு 98 பேரை மிஞ்சி நின்றான் என்பது அவர் கண்ட முடிவு. இவ்வளவு பெரிய பலன் கிட்டுவதில்லை என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் தனிப் போதனை நன்மை தரும் என்பதை அவர்களும் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு தனி வாத்தியார் வைத்துக்கொள்ள யாரிடம் பணம் இருக்கிறது?

2022 நவம்பர் 30-ல் 'சாட்ஜிபிடி' என்னும் செயற்கை நுண்ணறிவு யந்திரம் உலகத்தின் முன் வந்தபோது, இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதென்றே பலரும் எண்ணினார்கள். எண்ணியதில் வியப்பில்லை. இந்த யந்திரச் சட்டாம்பிள்ளைக்குத் தூக்கம் இல்லை, கோபம் இல்லை, கையில் பிரம்பும் இல்லை. ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. வகுப்பில் எழுந்து கேட்க வெட்கப்படும் பெண்ணுக்கும், சொல்லிக் கொடுக்கப் படித்தவர்கள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இது சாமானிய உதவி அல்ல.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? 2023-ல் துருக்கி தேசத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில், ஏறக்குறைய 1,000 மாணாக்கரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. அதில் முன்னின்றவர்கள் அமெரிக்காவிலுள்ள பென்ஸில்வேனியா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள். பாடம் கணிதம். ஒரு பிரிவினர் புத்தகத்தையும் குறிப்புகளையும் மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். இரண்டாம் பிரிவினருக்கு யந்திரத்தை அப்படியே கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினரின் யந்திரத்துக்கோ, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் யோசனைப்படி கட்டளையிட்டிருந்தார்கள்.

பயிற்சியின்போது, முதற் பிரிவினரைவிட இரண்டாம் பிரிவினர் 48 சதவிகிதமும் மூன்றாம் பிரிவினர் 127 சதவிகிதமும் அதிகமாக மார்க்கு வாங்கினார்கள். அந்தச் சமயத்தில் பெற்றோர் எட்டிப் பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பார்கள்!

பிறகு எல்லா உதவியையும் அகற்றிவிட்டுப் பரீட்சை வைத்தார்கள். இரண்டாம் பிரிவினர், யந்திரத்தைத் தொடாத முதற் பிரிவினரைவிட 17 சதவிகிதம் குறைந்துபோனார்கள். மூன்றாம் பிரிவினருக்கு நஷ்டமில்லை. குறிப்பிடத்தக்க லாபமும் இல்லை. காரணம் என்ன? இரண்டாம் பிரிவினரில் பலர் "விடை என்ன?" என்று கேட்டு, வந்ததை அப்படியே எழுதிக்கொண்டார்கள். அந்த விடைகளிலோ ஏறக்குறையப் பாதி பிழையானவை. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே அந்த மாணாக்கருக்குத் தெரியவில்லை.

இந்த யந்திரம் அறிந்து பேசுவதில்லை. கணக்கற்ற பக்கங்களிலிருந்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று பழகியிருக்கிறது. ஆகையால் சரியையும் தவற்றையும் ஒரே குரலில், ஒரே கம்பீரத்துடன் சொல்லும். அதைச் சோதித்துப் பார்க்கும் அறிவு முதலில் பிள்ளையிடம் இருக்க வேண்டும். அந்த அறிவோ, விடை தெரியாமல் விழித்து, தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டுப் பார்ப்பதால் வருவது. மனம் படுகிற பாடே பாடம். சட்டாம்பிள்ளை சிறுவனின் கையைப் பிடித்து எழுதப் பழக்கலாம். சிறுவனுக்காகத் தானே எழுதிக் கொடுத்தால் கெடுதலே செய்தவன் ஆவான்.

அப்படியானால் அடியோடு தடுத்துவிடலாமா? நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளில் 2023 ஜனவரியில் தடுத்துப் பார்த்தார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் தடையை நீக்கிவிட்டார்கள். வீட்டில் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கருவியைப் பள்ளிக்கூடத்து வாசலில் மட்டும் நிறுத்தி என்ன பயன்?

ஆதலால் காவல் வீட்டிலும் தேவை. முதலில் பிள்ளை தானே முயன்று பார்க்கட்டும். தட்டினால் யந்திரத்தினிடம் குறிப்பு மட்டும் கேட்கட்டும். பிறகு யந்திரத்தை மூடிவிட்டு, கற்றதைத் தன் சொந்த வார்த்தைகளில் தாயாருக்கோ தம்பிக்கோ சொல்லிக் காட்டட்டும். பழைய சட்டாம்பிள்ளை பிறருக்குச் சொல்லிக் கொடுத்ததனால் தன் பாடத்தையும் உறுதியாகக் கற்றான். அந்த ஸ்தானத்தில் யந்திரத்தை உட்கார வைத்துவிட்டால் அந்த லாபம் யாருக்கும் இல்லாமற் போகும். நம் வீட்டுப் பிள்ளையே சட்டாம்பிள்ளையாக இருக்கட்டும். யந்திரம் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டபோது உதவி செய்யட்டும்.